ஸ்டீம் லைனில் தேங்கும் தண்ணீரை எஞ்சினுக்கு முன்பே வெளியேற்றுவது: முழுமையான வழிகாட்டி

150 மி.மீ. விட்டமும் 200 மி.மீ. ஸ்ட்ரோக்கும் உள்ள சின்ன ஸ்டீம் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் ஒரு முனையைத் தொடும்போது அதற்கும் சிலிண்டர் மூடிக்கும் நடுவில் மிஞ்சும் இடம், பிஸ்டன் ஓடும் கொள்ளளவில் சுமார் 8 சதவீதம். கணக்குப் போட்டால் 280 மில்லி. டீக்கடை கிளாஸில் இரண்டு மூன்று கிளாஸ். எக்சாஸ்ட் வழி மூடிய பிறகு அந்த இடத்தில் இருப்பது ஸ்டீம் என்றால் அமுங்கிக் கொடுக்கும். 280 மில்லிக்கு மேல் தண்ணீர் இருந்தால் கொடுக்காது. பிளைவீலோ நிற்காது, சுற்றிய வேகத்தோடு பிஸ்டனைத் தள்ளும். அப்போது சிலிண்டர் மூடி வெடிக்கும், பிஸ்டன் விரிசல் விடும், பிஸ்டன் ராட் வளையும், இல்லையென்றால் பேரிங் போல்ட் அறுந்து போகும். எது பலவீனமோ அது முதலில்.

எஞ்சினின் வால்வு எந்த வகை என்பதும் முக்கியம். தட்டையான டி-ஸ்லைடு வால்வைத் தன் இருக்கையில் அமுக்கி வைத்திருப்பது ஸ்டீம் பிரஷர்தான். சிலிண்டருக்குள் பிரஷர் அதைவிட அதிகமானால் வால்வு சற்றே எழும்பி, தண்ணீரில் கொஞ்சத்தை ஸ்டீம் செஸ்ட்டுக்கே (வால்வு உட்கார்ந்திருக்கும் ஸ்டீம் பெட்டிக்கே) திருப்பி அனுப்பும். பிஸ்டன் வால்வுக்கு இந்த வசதி இல்லை. பிஸ்டன் வால்வு எஞ்சின்களில் சிலிண்டரின் இரு முனையிலும் ரிலீஃப் வால்வு (பிரஷர் மிஞ்சினால் தானே திறக்கும் வால்வு) வைப்பது அதனால்தான். ரிலீஃப் வால்வு கடைசிப் பாதுகாப்பு மட்டுமே. தண்ணீர் அங்கே வந்து சேராமல் பார்ப்பதுதான் நம் வேலை.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே லைனை வைத்துக் கணக்குச் சொல்கிறோம்: 10 பார் கேஜ் பிரஷர், சூப்பர்ஹீட் (கொதிநிலைக்கு மேலும் ஏற்றிய சூடு) இல்லாத சாதாரண ஸ்டீம், வெப்பநிலை 184 டிகிரி செல்சியஸ், 100 மி.மீ. ஷெட்யூல் 40 (சுவர் கனத்தைக் குறிக்கும் எண்) குழாய், நீளம் 50 மீட்டர். ஆலையின் பொது லைன் இது. கடைசியில் 50 மி.மீ. கிளை பிரிந்து எஞ்சினுக்குப் போகிறது. உங்கள் லைனுக்கு எண்கள் மாறும், முறை மாறாது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

மூன்று வழிகளில் வருகிறது. மூன்றின் அளவும் வேறு, பிடிக்கும் விதமும் வேறு.

முதலாவது, குளிர்ந்து கிடக்கும் இரும்பு. 100 மி.மீ. ஷெட்யூல் 40 குழாய் மீட்டருக்கு 16 கிலோ எடை. 50 மீட்டருக்கு 800 கிலோ. இதை 30 டிகிரியிலிருந்து 184 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். எடை 800, இரும்பின் வெப்ப எண் 0.49, வெப்பநிலை உயர்வு 154. மூன்றையும் பெருக்கினால் சுமார் 60,000 கிலோஜூல். 10 பாரில் ஒரு கிலோ ஸ்டீம் தண்ணீராகும்போது கொடுக்கும் வெப்பம் சுமார் 2,000 கிலோஜூல். ஆக, லைன் சூடாகி முடிவதற்குள் 30 லிட்டர் தண்ணீர் அதற்குள்ளேயே பிறக்கிறது. பிளாஞ்சும் வால்வும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். இந்த 30 லிட்டரை அரை மணி நேரத்தில் உருவாக விட்டால், மணிக்கு 60 கிலோ வீதம் டிரெய்ன் (தண்ணீரை வெளியே விடும் வழி) வழியாக நிதானமாகப் போய்விடும். வால்வை ஐந்தே நிமிடத்தில் திறந்துவிட்டால் மணிக்கு 360 கிலோ வீதம். டிராப்பும் (ஸ்டீமை விடாமல் தண்ணீரை மட்டும் தானே வெளியேற்றும் கருவி) டிரெய்னும் தாங்காமல் மிஞ்சும் தண்ணீர் ஸ்டீமோடு சேர்ந்து ஓடும்.

இரண்டாவது, ஓடும்போது குழாயின் தோல் வழியாகப் போகும் சூடு. 50 மி.மீ. கனத்தில் நல்ல இன்சுலேஷன் இருந்தால் மீட்டருக்கு 70 வாட் அளவில் போகும். 50 மீட்டருக்கும் சேர்த்து மணிக்கு ஆறு ஏழு லிட்டர் தண்ணீர். இன்சுலேஷனே இல்லாமல் குழாய் திறந்து கிடந்தால் இது மணிக்கு 75 லிட்டர் அளவுக்குப் போகும். மழையில் ஊறிய இன்சுலேஷன் கம்பளி, திறந்து கிடக்கும் குழாயைவிடப் பெரிதாக ஒன்றும் உதவாது. மேல் தகரம் கிழிந்த இடங்களை ஐப்பசிக்கு முன்பே அடைத்துவிடுங்கள்.

மூன்றாவது, பாய்லரே துப்பும் தண்ணீர். டிரம்மில் மட்டம் ஏறியிருந்தாலும், பாய்லர் நீரில் கரைந்த உப்பு அளவு மிஞ்சினாலும் (ஷெல் பாய்லருக்குப் பொதுவாக 3,500 பிபிஎம் எல்லை), நீரில் எண்ணெய் கலந்து நுரைத்தாலும், யாரோ பெரிய வால்வை ஒரே மூச்சில் திறந்து பிரஷர் சரிந்தாலும், பாய்லர் நீர் அப்படியே லைனுக்குள் ஏறிவிடும். மற்ற இரண்டும் சொட்டுச் சொட்டாக வருபவை. இது விநாடிகளில் லிட்டர் கணக்கில் வரும். எந்த டிராப்பாலும் இதைச் சமாளிக்க முடியாது. இதற்கான மருந்து பாய்லர் ஹவுஸில்தான் இருக்கிறது: மட்டம், புளோடவுன் (அடியில் சேரும் உப்பு நீரையும் கசடையும் வெளியே தள்ளுவது), வால்வைத் திறக்கும் நிதானம்.

சாய்வும் பாக்கெட்டும்

லைன், ஸ்டீம் போகும் திசையிலேயே 100-க்கு 1 சாய வேண்டும். நம் 50 மீட்டருக்கு அரை மீட்டர் இறக்கம். மேட்டை நோக்கித்தான் போட முடியும் என்றால் தண்ணீர் ஸ்டீமுக்கு எதிராக இறங்கி வர வேண்டியிருக்கும். அதற்குச் சாய்வு 40-க்கு 1 வேண்டும், ஸ்டீம் வேகமும் விநாடிக்கு 15 மீட்டருக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் தண்ணீர் இறங்காது, மேலேயே தள்ளப்படும்.

சாய்வைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவலே போதும். ஒவ்வொரு சப்போர்ட்டிலும் குழாயின் அடிமட்டத்தைக் குறித்துக்கொண்டே போங்கள். சப்போர்ட் இடைவெளி அதிகமாகிக் குழாய் தொய்ந்திருந்தால், 3 மீட்டர் நீளத்தில் நடுவே வெறும் 25 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நின்றாலே 3 லிட்டர் ஆகிவிடும். முதலில் சொன்ன எஞ்சினின் 280 மில்லியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 100 மி.மீ. குழாய்க்குச் சுமார் 4 மீட்டருக்கு ஒரு சப்போர்ட் வேண்டும். 50 மீட்டர் லைன் சூடானால் 90 மி.மீ. நீளும் என்பதால் எக்ஸ்பான்ஷன் லூப்பும் இருக்கும். அந்த லூப்பைப் படுக்கை வாட்டத்தில் போடுங்கள். செங்குத்தாக நிறுத்தினால் ஏறும் காலுக்கு முன்னால் தண்ணீர் தேங்கும், அங்கே தனி டிரெய்ன் வேண்டிவரும்.

குழாய் விட்டம் குறையும் இடத்தில் அடிப்பக்கம் தட்டையாக இருக்கும் எக்சென்ட்ரிக் ரெட்யூசர் போடுங்கள். கான்சென்ட்ரிக் போட்டால் அடியில் ஒரு படி உண்டாகி, அதன் பின்னால் குளம் போல் நிற்கும். ஸ்ட்ரெய்னரின் கூடை கீழே தொங்கினாலும் இதே கதிதான்; ஸ்டீம் லைனில் அதைப் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். எஞ்சினுக்குப் போகும் கிளையைப் பொது லைனின் மேல்புறத்திலிருந்து எடுக்க வேண்டும். பக்கவாட்டிலோ அடியிலோ எடுத்தால், பொது லைனில் அடியோடு ஓடும் தண்ணீரை நீங்களே எஞ்சினுக்கு அனுப்பியது போல் ஆகும்.

டிரெய்ன் பாயின்ட் 30 முதல் 50 மீட்டருக்கு ஒன்று இருக்க வேண்டும். தூரக் கணக்கு எப்படியிருந்தாலும் சில இடங்களில் கட்டாயம் வேண்டும்: லைன் மேலே ஏறும் ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால், மூடி வைக்கக்கூடிய ஒவ்வொரு வால்வுக்கும் முன்னால், லைனின் கடைசி முனையில், எஞ்சின் ஸ்டாப் வால்வை (எஞ்சினுக்கு ஸ்டீமைத் திறந்து மூடும் வால்வை) ஒட்டி.

அதிகம் காணப்படும் தவறும் இங்கேதான் நடக்கிறது. 100 மி.மீ. லைனின் அடியில் 15 மி.மீ. ஓட்டை போட்டு, நேராக டிராப்பை மாட்டிவிடுவார்கள். லைனில் ஸ்டீம் விநாடிக்கு 25 முதல் 30 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 30 மீட்டர் என்பது மணிக்கு 108 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அடியோடு வழுக்கிப் போகும் தண்ணீர் 15 மி.மீ. ஓட்டையைத் தாண்டிப் போய்விடும், உள்ளே விழுவது கொஞ்சமே. தண்ணீர் விழ வேண்டுமானால் குழி, அதாவது பாக்கெட், பெரிதாக இருக்க வேண்டும். 100 மி.மீ. வரையிலான லைனுக்கு பாக்கெட்டும் லைனின் அதே விட்டம், ஆழம் குறைந்தது 100 மி.மீ. 125 முதல் 200 மி.மீ. வரையிலான லைனுக்கு 100 மி.மீ. விட்டம், 150 மி.மீ. ஆழம். 250-க்கு மேல் லைனின் பாதி விட்டத்துக்குக் குறையாமல், ஆழம் லைன் விட்டம் அளவுக்கு. நம் லைனுக்கு ஓர் ஈக்வல் டீயைக் கவிழ்த்து வைத்து, கீழே சிறு துண்டுக் குழாயும் பிளைண்டு பிளாஞ்சும் போட்டால் பாக்கெட் தயார்.

டிராப்புக்கான குழாயை பாக்கெட்டின் அடியிலிருந்து எடுக்காதீர்கள். அடிமட்டத்துக்கு இரண்டு விரல் மேலே, பக்கவாட்டில் எடுங்கள். அடியில் துருவும் வெல்டிங் கசடும் மணலும் படியும். அதை வெளியே தள்ள பிளாஞ்சின் நடுவில் தனியாக ஒரு புளோடவுன் வால்வு வேண்டும். சூடேற்றும் நேரத்தில் கையால் திறக்கப்போவதும் இந்த வால்வைத்தான். 20 அல்லது 25 மி.மீ. போதும்.

சதுர செ.மீ.க்கு 3.5 கிலோ பிரஷருக்கு மேல் ஓடும் ஸ்டீம் குழாய், 1950-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளுக்குள் வருகிறது. ஆகவே பாக்கெட் சேர்ப்பது, டீ வெட்டிப் போடுவது எல்லாம் வரைபட அனுமதியோடு, சான்று பெற்ற வெல்டரைக் கொண்டு செய்ய வேண்டிய வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆள் இல்லாத நேரத்தில் செய்து முடிக்கும் வேலை இல்லை.

எந்த டிராப்

லைன் டிரெய்னுக்கு 15 மி.மீ. தெர்மோடைனமிக் டிராப் போதும். உள்ளே அசைவது ஒரே ஒரு டிஸ்க்தான். வாட்டர் ஹாமரை (தண்ணீர் கட்டியாகப் பாய்ந்து மோதும் அடியை) தாங்கும், சூப்பர்ஹீட்டையும் தாங்கும். வெளியேறும் பக்கம் எதிர்ப்பிரஷர், உள்வரும் பிரஷரில் 80 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் ஒழுங்காக மூடாது. இன்வெர்ட்டட் பக்கெட் டிராப்பும் நல்லதுதான். ஆனால் அதற்குள் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும், சூப்பர்ஹீட் ஸ்டீம் அந்தத் தண்ணீரைக் கொதித்துத் தீர்த்துவிடும். செபரேட்டருக்கு (ஸ்டீமில் மிதக்கும் துளிகளைப் பிரிக்கும் கருவிக்கு) பால் ஃபுளோட் டிராப்தான் சரி, ஏனென்றால் அது தண்ணீர் வரவர நிற்காமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கும்.

வெப்பநிலையை உணர்ந்து திறக்கும் தெர்மோஸ்டாட்டிக் டிராப்பை எஞ்சினுக்கு முன்னால் போடக் கூடாது. தண்ணீர் சற்று ஆறிய பிறகுதான் அது திறக்கும். ஆறும்வரை தண்ணீர் எங்கே நிற்கும்? பாக்கெட்டில், பிறகு லைனில்.

டிராப் வரிசை இப்படி அமைய வேண்டும்: ஐசொலேஷன் வால்வு, ஸ்ட்ரெய்னர், டிராப், சைட் கிளாஸ், நான் ரிட்டர்ன் வால்வு, இன்னொரு ஐசொலேஷன் வால்வு. கண்டென்சேட்டை (ஸ்டீம் குளிர்ந்து உண்டான தண்ணீரை) மேலே இருக்கும் ரிட்டர்ன் லைனுக்கு ஏற்றுவதாக இருந்தால் நான் ரிட்டர்ன் வால்வைத் தவிர்க்கவே கூடாது. ஒரு மீட்டர் ஏற்றத்துக்கு 0.1 பார் செலவாகும். ஓடும்போது 10 பார் இருக்கும், சிக்கல் இல்லை. காலையில் லைனில் பிரஷரே இல்லாத நேரத்தில் ஒரு சொட்டுகூட மேலே ஏறாது. தண்ணீர் அதிகம் பிறக்கும் நேரமும் அதுதான். அதனால்தான் ஒவ்வொரு பாக்கெட்டிலும் வெளியே திறக்கும் புளோடவுன் வால்வு வேண்டும் என்கிறோம். டிராப் ஓடும் நேரத்துக்கான கருவி. சூடேற்றும் நேரத்துக்கு மனிதக் கைதான்.

டிராப் அடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய உதாரணம் நியூயார்க்கில் இருக்கிறது. 2007 ஜூலை 18 அன்று, மன்ஹாட்டனில் 41-ஆம் தெருவும் லெக்சிங்டன் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில், 1924-இல் புதைத்த 24 அங்குல ஸ்டீம் குழாய் வெடித்தது. தெருவே பிளந்து, ஸ்டீமும் சேறும் கட்டடங்களின் உயரத்துக்கு எழும்பின. ஒருவர் மாரடைப்பால் இறந்தார், பலர் காயமடைந்தனர். அன்று காலை பெய்த கனமழை குழாயைச் சுற்றித் தேங்கி அதைக் குளிர்வித்ததால் உள்ளே தண்ணீர் வேகமாகச் சேர்ந்தது. அதை வெளியேற்ற வேண்டிய டிராப்கள் அடைபட்டிருந்தன. பக்கத்தில் இருந்த பிளாஞ்ச் கசிவை நிறுத்தச் செலுத்திய எபாக்சி சீலன்ட், குழாய்க்குள் நுழைந்து டிராப்களில் போய் இறுகியிருந்தது. ஓடும் லைனில் சீலன்ட் செலுத்திக் கசிவை அடைக்கும் பழக்கம் உங்கள் ஆலையிலும் இருந்தால், செலுத்திய மறுநாளே பக்கத்து டிராப்களைக் கழற்றிப் பாருங்கள்.

செபரேட்டர்

லைனின் அடியோடு ஓடும் தண்ணீரை பாக்கெட் பிடிக்கும். ஸ்டீமுக்குள் பனித்துளிபோல் மிதந்து வரும் தண்ணீரைப் பிடிக்காது. அதற்குத்தான் செபரேட்டர். தடுப்புத் தகடு உள்ள பேஃபிள் வகை, லோடு கூடிக் குறையும் லைனுக்கு ஏற்றது. சைக்ளோன் வகை ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் நன்றாகப் பிரிக்கும். எஞ்சின் நிற்பதும் ஓடுவதுமாக இருந்தால் பேஃபிள் வகையே வாங்குங்கள்.

ஸ்டாப் வால்வுக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். செபரேட்டரைத் தாண்டி 10 மீட்டர் குழாய் போனால், அந்த 10 மீட்டரில் புதுத் தண்ணீர் பிறந்துவிடும். செபரேட்டருக்கும் இன்சுலேஷன் போடுங்கள். மணிக்கு 400 கிலோ ஸ்டீம் எடுக்கும் எஞ்சினுக்கு 5 சதவீத ஈரத்தோடு ஸ்டீம் வந்தால் மணிக்கு 20 கிலோ தண்ணீர். டிராப்பை அதன் இரு மடங்குக்குக் குறையாமல் தேர்ந்தெடுங்கள். டிராப்புக்கு இறங்கும் குழாயின் விட்டத்தைச் செபரேட்டரின் டிரெய்ன் வாயைவிடக் குறைக்காதீர்கள்.

டிரெய்ன்களை ஒன்றாகக் கட்டாதீர்கள்

லைன் டிரெய்ன், ஸ்டீம் செஸ்ட் டிரெய்ன், சிலிண்டர் காக் (சிலிண்டர் முனையில் தண்ணீரை வெளியே விடும் சிறு வால்வு), எக்சாஸ்ட் டிரெய்ன் எல்லாவற்றையும் ஒரே குழாயில் சேர்த்துச் சாக்கடைக்கு விட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் 10 பார் லைன் டிரெய்னைத் திறந்ததும் அந்தப் பொதுக் குழாயில் பிரஷர் ஏறும்; சிலிண்டர் காக் திறந்திருக்கிறது, உள்ளே பிரஷர் இல்லை. தண்ணீர் காக் வழியாகச் சிலிண்டருக்குள்ளேயே ஏறும். தண்ணீரை வெளியேற்றப் போட்ட குழாயே தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சிலிண்டர் காக்குகளை ஒவ்வொன்றும் தனித்தனியாக, வெளிக்காற்றில் திறக்கும்படி விடுங்கள். வாய் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தண்ணீருக்குள் முங்கியிருக்கக் கூடாது, ஆள் நடக்கும் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. எக்சாஸ்ட் டிரெய்னும் தனி. எக்சாஸ்ட் குழாய் எஞ்சினிலிருந்து நேராக மேலே ஏறினால், அதன் அடிமுழங்கையில் எப்போதும் திறந்திருக்கும் சிறு டிரெய்ன் வையுங்கள்.

லைனைச் சூடேற்றும் முறை

1. பாய்லர் மட்டத்தைப் பாருங்கள். மெயின் ஸ்டீம் வால்வும் எஞ்சின் ஸ்டாப் வால்வும் முழுதாக மூடியிருப்பதை, கைப்பிடியைத் தொட்டுத் திருகி உறுதி செய்யுங்கள்.

2. எல்லா பாக்கெட்டின் புளோடவுன் வால்வையும், ஸ்டாப் வால்வுக்கு முந்தைய டிரெய்னையும், ஸ்டீம் செஸ்ட் டிரெய்னையும், சிலிண்டரின் இரு முனைக் காக்குகளையும் முழுதாகத் திறங்கள். இரவெல்லாம் நின்ற தண்ணீர் தானாக வழிந்து ஓடட்டும். பத்து நிமிடம் கொடுங்கள். ஒரு டிரெய்னிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை என்றால் பாக்கெட் காலி என்று நினைத்துவிடாதீர்கள், அடைப்பாகவும் இருக்கலாம். லைனில் பிரஷர் இல்லாத இந்த நேரத்தில் மட்டும் கம்பி விட்டுப் பாருங்கள். பிரஷர் ஏறிய பிறகு எந்த டிரெய்னிலும் கம்பி விடக் கூடாது.

3. மெயின் வால்வின் பைபாஸை (அதைச் சுற்றிப் போகும் சிறு குழாயின் வால்வை) திறங்கள். பைபாஸ் இல்லையென்றால் மெயின் வால்வை, ஸ்டீம் நுழையும் சத்தம் கேட்கும் அளவுக்கு மட்டும், கால் சுற்றுக்கும் குறைவாகத் திறங்கள். லைன் பிரஷர் அரை பாருக்குள்ளேயே இருக்கட்டும்.

4. இனி டிரெய்ன் வாயைப் பாருங்கள். முதலில் துருக்கலந்த பழுப்புத் தண்ணீர் வரும். பிறகு தெளிந்த வெந்நீர். பிறகு தண்ணீரும் ஸ்டீமும் மாறி மாறித் துப்பும். பிறகு வெள்ளை மேகமாய்ச் சீறும். இந்த இடத்தில் பலர் மூடிவிடுகிறார்கள், இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். வெள்ளையாகத் தெரிவது ஸ்டீம் இல்லை, நுண்ணிய தண்ணீர்த் துளி. உலர்ந்த ஸ்டீம் கண்ணுக்குத் தெரியாது. டிரெய்ன் வாயை ஒட்டி ஓர் அங்குலம் போல ஒன்றுமே இல்லாதது மாதிரி இடைவெளி விழுந்து, அதற்கு அப்பால் மேகம் தொடங்குகிறதா என்று பாருங்கள். அந்த இடைவெளி நிலையாக நின்றால் பாக்கெட் வற்றிவிட்டது என்று பொருள். அதைக் கையால் தொட்டுப் பார்க்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

5. பாய்லர் பக்கத்து டிரெய்ன் முதலில் இப்படி ஆகும், கடைசி டிரெய்ன் கடைசியில். அதே வரிசையில் ஒவ்வொன்றையும் கால் திறப்புக்குக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எல்லாம் ஆன பிறகுதான் பிரஷரை நிமிடத்துக்கு அரை பார் போல ஏற்ற வேண்டும். நம் லைனுக்கு மொத்தம் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும்.

6. முழு பிரஷர் வந்ததும் டிராப்பின் ஐசொலேஷன் வால்வுகளைத் திறந்து, புளோடவுன் வால்வுகளை மூடுங்கள். ஸ்டாப் வால்வுக்கு முந்தைய டிரெய்னை மட்டும், எஞ்சின் ஓடி நிதானமாகும் வரை மூடாதீர்கள்.

இடையில் எப்போதாவது குழாயில் சுத்தியலால் அடித்தது போல் சத்தம் கேட்டால் உடனே ஸ்டீமை மூடுங்கள், டிரெய்ன்கள் இருந்தபடியே இருக்கட்டும், விலகி நில்லுங்கள். சத்தம் வந்த இடத்துக்குப் போய் அங்கிருக்கும் மூடிய டிரெய்னைத் திறக்க வேண்டும் என்றுதான் கை துடிக்கும். செய்யாதீர்கள். ஆறிய தண்ணீர் நிற்கும் லைனில் பிரஷரோடு ஸ்டீமும் இருக்கும்போது டிரெய்னைத் திறந்தால் தண்ணீர் அசையும். அதற்குள் சிக்கிய ஸ்டீம் குமிழி நொடியில் தண்ணீராகச் சுருங்கும். காலியான இடத்துக்குள் தண்ணீர் பாய்ந்து மோதும். வால்வின் வார்ப்பு உடம்பு பிளப்பது இப்படித்தான். பிரஷர் முழுக்க இறங்கட்டும், தண்ணீரை வடியுங்கள், முதல் படியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.

எஞ்சினைச் சூடேற்றுவது

லைன் உலர்ந்துவிட்டது என்பதால் வேலை முடியவில்லை. சிலிண்டரும் மூடிகளும் ஸ்டீம் செஸ்ட்டும் சேர்ந்து 150 கிலோ வார்ப்பிரும்பு என்றால், அதைச் சூடாக்குவதிலேயே ஐந்தரை லிட்டர் தண்ணீர் உண்டாகும். அதுவும் சிலிண்டருக்கு உள்ளேயே. பிஸ்டனுக்கும் மூடிக்கும் நடுவில் மிஞ்சும் இடமோ 280 மில்லி.

முதலில் ஸ்டீம் இல்லாமல் பிளைவீலைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கேயாவது கெட்டியாக நின்றால் நிறுத்துங்கள். காக்குகள் திறந்திருக்கின்றனவா, வாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிளைவீலைச் சுற்றக் கம்பி ஏதும் செருகியிருந்தால் அதை எடுத்துவிட்டு, எல்லோரும் விலகிய பிறகு ஸ்டாப் வால்வை எஞ்சின் நகராத அளவுக்கு மட்டும் திறங்கள். ஒரு முனைக் காக்கில் மட்டும் ஸ்டீம் வரும், ஏனென்றால் வால்வு அந்தப் பக்கத்தைத்தான் திறந்திருக்கிறது. ரிவர்ஸிங் கியர் இருந்தால் லிவரை மாற்றி மறுமுனைக்கும் கொடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டீமை மூடி, பிளைவீலை அரைச் சுற்று நகர்த்தி, மீண்டும் கொடுங்கள். மாற்றி மாற்றி 15 நிமிடம். சிலிண்டரின் இரு மூடிகளும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும்.

பிறகு காக்குகள் திறந்தபடியே மிக மெதுவாக ஓட விடுங்கள். இரு காக்கிலும் துப்பல் நின்று ஒரே சீரான சீற்றம் வரும்வரை வேகத்தை ஏற்ற வேண்டாம். லூப்ரிகேட்டரில் சொட்டு எண்ணிக்கையை இந்த நேரத்தில் கூட்டி வையுங்கள். தண்ணீர் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு போகும். ஈரமான ஸ்டீமுக்குக் கொழுப்பு கலந்த சிலிண்டர் ஆயில்தான் சுவரில் ஒட்டும், வெறும் மினரல் ஆயில் ஒட்டாது.

மேட்டுப்பாளையத்தில் நீலகிரி மலை ரயில் கிளம்பும்போது எக்ஸ் வகுப்பு எஞ்சினின் இரு பக்கமும் வெண்மேகம் சீறுவது இந்த வேலைதான். அதற்கு நான்கு சிலிண்டர்கள்: கீழே உள்ள இரண்டு ஹை பிரஷர் சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகின்றன, மேலே உள்ள இரண்டு லோ பிரஷர் சிலிண்டர்கள், கீழே வேலை முடித்து வரும் ஸ்டீமை வாங்கிப் பல்சக்கரங்களை ஓட்டுகின்றன. பல் தண்டவாளம் தொடங்கும் கல்லாறு வரை மேல் சிலிண்டர்களுக்கு வேலை இல்லை. ஆக, ஒரே பயணத்தில் இரண்டாவது ஜோடிச் சிலிண்டர் வழியில்தான் வேலையைத் தொடங்குகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர் உள்ள எந்த எஞ்சினிலும், கடைசியில் ஸ்டீம் வாங்கும் சிலிண்டரின் காக்கைத்தான் கடைசியில் மூட வேண்டும்.

டர்பைன் என்றால்

சர்க்கரை ஆலைகளிலும் காகித ஆலைகளிலும் இன்று எஞ்சின் இருந்த இடத்தில் டர்பைன் இருக்கிறது. தண்ணீர் கட்டியாக வந்தால் ரோட்டரை அச்சோடு தள்ளி த்ரஸ்ட் பேரிங்கைத் தீய்க்கும். துளியாக வந்தால் பிளேடின் முன் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். பெரிய மில்களில் 65 கிலோ பிரஷரில் சூப்பர்ஹீட் ஸ்டீம் ஓடுகிறது. ஓடும்போது அந்த லைனில் தண்ணீர் பிறக்காது. ஆனால் அந்தப் பிரஷரில் ஸ்டீம் தண்ணீராக மாறும் வெப்பநிலை சுமார் 280 டிகிரி. டர்பைன் வாயில் அதைவிட 50 டிகிரியாவது கூடுதலாக இருக்கும் வரை டிரெய்ன்களை மூடக் கூடாது, ரோட்டரை உருட்டவும் கூடாது. ரோட்டர் அசையாமல் நிற்கும்போது கேசிங்குக்குள் ஸ்டீமை வைத்திருந்தால் ஷாஃப்ட் ஒரு பக்கமாக வளையும். சூடேற்றும் நேரத்துக்கு டர்பைன் தயாரிப்பாளர் கொடுத்த அட்டவணையையே பின்பற்றுங்கள். சூப்பர்ஹீட் லைனில் தண்ணீருக்கு இன்னொரு வாசலும் உண்டு: டீசூப்பர்ஹீட்டர் (தண்ணீர் தெளித்து ஸ்டீமின் சூட்டைக் குறைக்கும் கருவி) ஸ்பிரே வால்வு. ஸ்டீம் ஓடாத நேரத்தில் அது கசிந்தால் லைன் நிறையத் தண்ணீர் நிற்கும். நிறுத்தியவுடன் ஸ்பிரே தண்ணீரைக் கையால் மூடும் வால்விலேயே மூடிவிடுங்கள்.

நிறுத்தும்போது

ஸ்டாப் வால்வை மூடியதும் சிலிண்டர் காக்குகளைத் திறங்கள். பிறகு ஸ்டீம் செஸ்ட் டிரெய்ன், லைன் டிரெய்ன்கள். மூடிய லைன் ஆறும்போது உள்ளே இருக்கும் ஸ்டீம் தண்ணீராகச் சுருங்கி வெற்றிடம் உண்டாகும். ரிட்டர்ன் லைனில் நான் ரிட்டர்ன் வால்வு கசிந்தால் தண்ணீர் பின்னோக்கி இழுக்கப்பட்டு பாக்கெட்டை நிரப்பும். லைனின் மேட்டில் ஒரு வேக்கம் பிரேக்கர் (வெற்றிடம் உண்டானால் காற்றை உள்ளே விடும் வால்வு) இருந்தால் இந்தச் சிக்கல் வராது. இரவில் பாய்லரில் பிரஷர் இருந்து, மெயின் வால்வு இருக்கையில் சிறு கசிவு இருந்தாலும், விடியும்வரை லைன் தண்ணீர் சேர்த்துக்கொண்டே இருக்கும். லைன் டிரெய்ன்களைத் திறந்தே விட்டுச் செல்லுங்கள். காலையில் அவற்றில் ஏதாவது ஒன்று ஆவி விட்டுக்கொண்டிருந்தால் மெயின் வால்வின் இருக்கையைத் தேய்த்துச் சரிசெய்யும் நேரம் வந்துவிட்டது.

ஓடும்போது தெரியும் கோளாறுகள்

வாரம் ஒரு முறை ஒவ்வொரு டிராப்பையும் காதால் பாருங்கள். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை டிராப்பின் மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டினால் போதும். நல்ல தெர்மோடைனமிக் டிராப் டக்கென்று திறந்து, சில விநாடி சீறி, டக்கென்று மூடி, அரை நிமிடம் போல் அமைதியாக இருக்கும். நிற்காமல் படபடவென்று அடித்தால் டிஸ்க் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் இருக்கையில் அழுக்கு, இல்லையென்றால் எதிர்ப்பிரஷர் அதிகம். மழை நேரத்தில் மட்டும் படபடத்தால் மூடி குளிர்கிறது என்று பொருள். அதற்கான கவசம் கிடைக்கும், வாங்கிப் போடுங்கள். டிஸ்க்கையும் இருக்கையையும் தட்டையாகத் தேய்த்து மீட்கலாம், மொத்தத்தில் கால் மில்லிமீட்டருக்கு மேல் தேய்க்கக் கூடாது.

சத்தமே இல்லாமல் டிராப் ஆறிக் கிடந்தால்தான் ஆபத்து. கசியும் டிராப் விறகையும் நிலக்கரியையும் தின்னும். அடைத்த டிராப் எஞ்சினைத் தின்னும். முதலில் ஐசொலேஷன் வால்வு திறந்திருக்கிறதா பாருங்கள், பிறகு ஸ்ட்ரெய்னரைக் கழுவுங்கள், பிறகுதான் டிராப்பைக் கழற்றுங்கள். புது லைன் போட்ட முதல் மாதத்தில் வாரம் இருமுறை ஸ்ட்ரெய்னர் திறக்க வேண்டிவரும்.

எல்லா டிராப்பும் சரி, ஆனாலும் ஓடும்போது சிலிண்டரில் தட்டும் சத்தம் கேட்டால், உடனே காக்கைத் திறந்து, ஸ்டாப் வால்வைப் பாதியாகக் குறையுங்கள். திடீரென்று முழுதாக மூட வேண்டாம். காக்கில் வெளிவரும் தண்ணீரை ஒரு தகர டப்பாவில் பிடித்து ஆறவைத்துப் பாருங்கள். கண்டென்சேட் கிட்டத்தட்ட உப்பே இல்லாத தண்ணீர். டப்பாவில் கிடைத்தது பாய்லர் நீர் போல உப்பும் காரமுமாக, டிடிஎஸ் மீட்டரில் (கரைந்த உப்பை அளக்கும் மீட்டரில்) ஆயிரக் கணக்கில் காட்டினால், பாய்லர் தண்ணீர் துப்புகிறது. பாய்லர் ஹவுஸுக்குச் சொல்லி மட்டத்தையும் புளோடவுனையும் சரிசெய்யும்வரை எஞ்சினுக்கு லோடு கொடுக்காதீர்கள். மீட்டர் சில பத்துகளைக் காட்டினால் தவறு லைனில்தான். டியூப் லெவலை எடுத்துக்கொண்டு சப்போர்ட் சப்போர்ட்டாகத் தொய்வைத் தேடுங்கள்.